ஆக்ஸிஜன் இல்லாம என்ன ஆக்ஸிஜனேற்றம்?

மோல்மேன் மணி: பெகு வாத்தியார் டியூசன் பிள்ளைங்களுக்கு நேத்து போட்ட நோட்ஸ பாத்தீங்களா? குளுக்கோஸ் உடையுற 10 படியில 6வது படி ஆக்ஸிஜனேற்றமாம், அடுத்த வரியிலயே இதுக்கு ஆக்ஸிஜன் தேவையில்லயாம். அரிசி போடாம சோறு வடிச்ச கதை!

பெகு வாத்தியார்: தம்பி, அந்தப் படியில கிளிசரால்டிஹைடு பாஸ்பேட்டு, அதான் குளுக்கோஸ் வெட்டுப்பட்டு வந்த துண்டு, எலெக்ட்ரான இழக்குது, எலெக்ட்ரான் சுமக்குற என்ஏடிங்கிற மூலக்கூறு வாங்கிக்குது. எலெக்ட்ரான் போனாலே ஆக்ஸிஜனேற்றம்தான். காத்து எதுக்கு?

மோல்மேன் மணி: பேர்லயே ஆக்ஸிஜன் ஏறுதுன்னு இருக்கு. எங்க ஏறுது, அத மட்டும் சொல்லுங்க.

டீக்கடை ராசா: பாஸ்பேட்டு ஒண்ணு வந்து ஒட்டுதுல்ல மணி, அதுல ஆக்ஸிஜன் இருக்கே

மோல்மேன் மணி: அப்ப 1வது படியிலயும்தான் பாஸ்பேட்டு ஒட்டுது, அதையும் ஆக்ஸிஜனேற்றம்னு எழுதுவாரா உங்க சயா (பர்மாவுல வாத்தியார)?

பெகு வாத்தியார்: அது செல்லுக்குள்ள சக்தி சுமக்குற ஏடிபி கிட்டருந்து பாஸ்பேட்டு கை மாறுறது, வேற வினை. 2வது படியில ஒரு அணு கூடக் கூடாம குறையாம குளுக்கோஸ் உருவம் ஃபிரக்டோஸ் உருவமா மாறுது. 4வதுலதான் ரெண்டா வெட்டுறது. எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாத.

ரங்கூன் அக்கா: பாகான்லருந்து பனங்கள்ளு ஒரு பாட்டில் இறுக்க மூடி பஸ்ல கொண்டாந்தேன். காலையில தேன் மாதிரி இருந்துச்சு, பாதி வழியில மூடி டப்புன்னு பறந்து பக்கத்து சீட்டுக்காரர் கைலி பூரா நுரை, அவரு என்னப் பாத்த பார்வை இருக்கே. உள்ள காத்தே போகல, சர்க்கரை சாராயமாயிருச்சே மணி?

மோல்மேன் மணி: அது புளிச்சது அக்கா. ஆக்ஸிஜனேற்றம் இல்ல.

பெகு வாத்தியார்: புளிக்கிறதுக்கும் அதே 6வது படிதான்யா வேணும்! என்ஏடி சுமந்த எலெக்ட்ரான, சர்க்கரை உடைஞ்சு வந்த அசிட்டால்டிஹைடு மேல இறக்கினாத்தான் என்ஏடி திரும்பக் காலியாகும், எலெக்ட்ரான வாங்கின அசிட்டால்டிஹைடுதான் சாராயமாகுது. ஜெர்மன் வேதியியலாளர் பூக்னர் 1897ல ஈஸ்ட அரைச்சுப் பிழிஞ்ச சாறே சர்க்கரைய நொதிக்க வைக்குதுன்னு காட்டினாரு, 1907ல நோபல்.

மோல்மேன் மணி: நோபல் கதை யார் கேட்டா? ஆக்ஸிஜன் எங்க?

டீக்கடை ராசா: அக்கா, கள்ளு கணக்கு இருக்கட்டும், தீமிதி அன்னதானப் பாயசத்துக்கு வாங்கின பனை வெல்லத்துக்கு ரசீது எங்க?

ரங்கூன் அக்கா: என்னயவா கேக்குற? போன வருசம் அண்டாவ எடுத்துட்டுப் போனவன் நீ, இன்னும் திரும்பி வரல.

டீக்கடை ராசா: அண்டா ஓட்டை அக்கா, ஓட்டை அண்டாவுக்கு இவ்ளோ பேச்சா

பெகு வாத்தியார்: மணி, நீ என்கிட்ட படிக்கறப்பவே இந்தப் பாடத்துலதான் கோட்டை விட்ட.

மோல்மேன் மணி: இப்படி சொல்லிக் குடுத்தா கோட்டை விடாம? திரும்பக் கேக்குறேன் சயா, ஆக்ஸிஜன் எங்க?