கையால் பின்னிய உடுப்பால் வந்த ஒரு சந்திப்பு: உங்களுக்கும் இருக்கிறதா?

நானுஓயா அக்கா

எனக்கு ஒன்று இருக்கிறது, நாலு வருஷமாக உறுத்துகிறது. ஓகஸ்ட் லீவு, பதுளையில் பெரியம்மா வீட்டுக்குப் போகிற ரயில், மடியில் மகளின் ஸ்வெட்டர் முன்பக்கம். பட்டிப்பொலை வரும்போதுதான் பார்க்கிறேன், நாலு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறது. பின்னுகிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வயிற்றை என்ன செய்யும் என்று. எதிர் சீட்டில் ஒரு சிங்கள அம்மா, அறுபது தாண்டியவர். கையை நீட்டினார், நான் தருவதற்கு முன்பே ஊசியோடு எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார். சரியாக அப்போது ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது. எங்கள் பெட்டியில் லைட் எரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் வழக்கம்போல் கூவுகிறார்கள், எனக்கு அந்த ஸ்வெட்டரைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வெளிச்சம் வந்தபோது கண்ணி நாலு வரிசையும் ஏறி ஊசியில் உட்கார்ந்திருந்தது! இருட்டில், விரலாலேயே தேடி எடுத்திருக்கிறார். சிங்களத்தில் "ஹரி", சரி என்று ஒரே ஒரு சொல் சொல்லித் தந்துவிட்டு ஒஹியாவில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும், தினமும் பேசுகிறேன். அன்றைக்கு நன்றி என்று ஒரு "ஸ்துதி" கூட வாயில் வரவில்லை. அந்த ஸ்வெட்டர் மகளுக்கு இப்போது சின்னதாகிவிட்டது, தங்கச்சி தன் பிள்ளைக்குக் கேட்கிறாள், கொடுக்க மனசு வரவில்லை.

மஸ்கெலியா தம்பி

அக்கா, உங்களுடையது நல்ல ஞாபகம். என்னுடையது அப்படி இல்லை.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் உங்களுக்கெல்லாம் தெரியும்தானே, டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே வெசாக் வரை, மலையடிவாரத்து நல்லதண்ணியில் ராத்திரிதான் வியாபாரம். அம்மா தேயிலை மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து சாயங்காலம் குல்லா பின்னுவார், நான் மேசை போட்டு விற்பேன். ராத்திரி ஒரு மணி இருக்கும், ஒருவர் ஐந்து வயதுப் பெண் பிள்ளையோடு வந்தார். பிள்ளையின் தலையில் போட்டுப் பார்த்தார், காது இரண்டும் மூடியது, பிள்ளை இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. விலை சொன்னேன். "கையால பின்னினதுக்கு இவ்வளவா, மெஷின்ல செஞ்சதுதானே நேரா இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். நான் செய்த தப்பு, அடுத்த நாள் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னது. அம்மா குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்த்து நூலை இழுத்தார். இரண்டு சாயங்காலத்து வேலை, அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள் முடிந்துவிட்டது. "நேரா இல்லாட்டி நூலாவே இருக்கட்டும்" என்றார். கண்ணி ஒவ்வொன்றாக விடுபடுகிற அந்தச் சத்தம், டிக் டிக் என்று, இப்போதும் கேட்கிறது.

பண்டாரவளை நூல்கடை

தம்பி, வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தவர் மேலும் உங்கள் மேலும் பிழை இல்லை, விலை சொன்ன விதத்தில்தான் பிழை. கைவேலையை மெஷின் வேலைக்குப் பக்கத்தில் வைத்து விற்கவே கூடாது.

என் அனுபவம் சின்னது. கல்யாணத்துக்கு முந்தி என் மனைவி பின்னித் தந்த சுத்தக் கம்பளி ஸ்வெட்டரை நான் வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினேன், எட்டு வயதுப் பிள்ளைக்குப் போகிற அளவில் வெளியே வந்தது. அவர் அதை வாங்கி விரித்துப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால்தான் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். கம்பளி மயிரில் கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கிறது, சூடும் கசக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும், பிறகு எந்தக் கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, முறுக்காமல், துவாயில் சுருட்டி அழுத்தி, படுக்கப்போட்டுக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். தினமும் போட்டுத் துவைக்கிற பிள்ளை உடுப்புக்கு அக்ரிலிக் நூல் போதும், அது இப்படிச் சுருங்காது, விலையும் கட்டும். நூல் வாங்கும்போது உறையில் லொட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குரிய நம்பர், ஒன்றா என்று பாருங்கள், ஒரே சிவப்பு என்று நினைப்பீர்கள், பகல் வெளிச்சத்தில் ஒரு கை வேறு நிறமாக நிற்கும். ஊசியிலும் பலர் ஏமாறுகிறார்கள், பழைய இங்கிலிஷ் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீற்றர், 10ஆம் நம்பர் என்றால் 3.25. பாட்டி காலத்து ஊசியில் உள்ள 8ஐப் பார்த்து 8 மில்லிமீற்றர் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு சாணுக்குச் சதுரமாகப் பின்னி, துவைத்து, 10 சென்ரிமீற்றரில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். தம்பி, அம்மாவின் குல்லாக்களை ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோங்கள். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் குளிர் உடுப்பு எடுத்துவர மறந்துவிடுவார்கள்.

மஸ்கெலியா தம்பி

அண்ணா, நான் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா பின்னுவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, கண் தெரியவில்லை. அன்றைக்கு அவிழ்த்த நூல் அப்படியே பந்தாக டின்னுக்குள் இருக்கிறது.

அட்டன் மகேஸ்வரி அல்ல, சும்மா மகேஸ்

நூல்கடை அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்கமாட்டேன். பிள்ளைக்கு அக்ரிலிக் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். விறகடுப்பு உள்ள வீட்டுக்குப் போதாது. என் சின்னவன் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அடுப்புக்கு முன்னால் குந்திக் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தான், அவனுக்குப் புத்தகம் கையில் இருந்தால் உலகமே தெரியாது. ஒரு தணல் தெறித்துக் கையில் விழுந்தது. அக்ரிலிக் எரிந்து முடியவில்லை அண்ணா, உருகியது. உருகித் தோலில் ஒட்டியது. தண்ணீர் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், புத்தகத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வந்தான், பக்கம் விட்டுப்போகும் என்று. மணிக்கட்டுக்கு மேலே ஐந்து சதக் காசு அளவில் தழும்பு இருக்கிறது. கம்பளி என்றால் கருகும், மயிர் நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். அன்றிலிருந்து அடுப்படிக்குப் போகிற பிள்ளைக்குக் கம்பளிதான், சுருங்கினால் சுருங்கட்டும்.

தலவாக்கலை வாசகி

எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, தோட்டத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர், துரையின் மனைவி துரைசாணியிடம் பின்னப் பழகினார். எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. போன வருஷம் ஒரு கைப்பணிப் பயிற்சிக்கு அம்மாயியை அழைத்துப் போனேன், அங்கே வந்திருந்த மிஸ் ஒருவர் அம்மாயியின் ஜேர்சியைப் பார்த்து, "இதோட பற்றன் எழுதி வச்சிருக்கீங்களா ஆச்சி?" என்று கேட்டார். அம்மாயிக்குக் கேள்வியே புரியவில்லை. ஜேர்சியைக் கழற்றி மேசையில் விரித்து, முறுக்குப் பின்னல் மேல் விரலை வைத்து, "இதோ எழுதியிருக்கே, வாசிங்க" என்று சொல்லிக் கீழிருந்து மேலே விரலை நகர்த்தினார். மூன்று முகம், இரண்டு முதுகு, மூன்று முகம், இங்கே தாண்டு. நேர்ப்பின்னலும் எதிர்ப்பின்னலும் எங்கள் வீட்டில் முகமும் முதுகும்தான். அந்த மிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நான் பீ.ஏ. படித்தவள், வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிப்பேன், பழைய மலையகச் சஞ்சிகைகளை நூலகம் இணையத்தளத்தில் தேடித் தேடி வாசிக்கிறேன். அந்த ஜேர்சியை எனக்கு வாசிக்கத் தெரியாது. இந்தச் சித்திரை லீவுக்கு வேறு எங்கேயும் போகவில்லை, அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறேன், அவருக்கு எண்பத்தாறு.

கொட்டகலை ரீச்சர், ஓய்வு

மகள், எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் "துரைசாணியிடம் பழகினார்" என்ற இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். துரைசாணி கொடுத்தது ஊசியும் இரண்டு அசைவும். முகம், முதுகு என்று பேர் வைத்தது உங்கள் அம்மாயி. நம் ஆட்கள் எதைச் செய்தாலும் பங்களாவிலிருந்து வந்தது என்று எழுதுகிற பழக்கம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்தில் கொடுத்த கம்பளிப் போர்வையையும் இப்படித்தான் இனாம் மாதிரிச் சொல்வார்கள். கணக்கில் எழுதிச் சம்பளத்தில் கழித்தார்கள் என்பதை வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழைக்கு அதைத்தான் தலையில் மடித்துப் போட்டார்கள், ராத்திரிக்கு அதைத்தான் போர்த்தினார்கள், இடுப்பில் சாக்குப் படங்கு. குளிர்கால உடுப்பு என்று வேறு ஒன்றும் கிடையாது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்து, துரைசாணிகள் எல்லாம் போன பிறகும் இந்த மலையில் பின்னினார்களா இல்லையா?

சரி, என்னுடையதையும் சொல்லவேண்டும், அதற்காகத்தான் வந்தேன். நான் படிப்பிக்க வந்த முதல் வருஷம், ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, ஜனவரி மாதம், விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தாயின் கம்பளியை வெட்டித் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. கையால் தைத்தது, வெள்ளை நூலால் பெரிய பெரிய தையல், பொத்தான் துளையைச் சுற்றி மட்டும் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அழகாக. அந்தத் தாய் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் புதிதாக வந்தவள், சீருடை சீருடை என்று தலையில் ஏறியிருந்தது. கழற்று என்றேன். பிள்ளை கழற்றியது, கீழே போடாமல் நாலாக மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. வாய்ப்பாடு சொல்லும்போது பல் அடித்துக்கொண்டது, ஏழு, பதினாலு, இருபத்தொன்று. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அடுத்த நாள் கோட்டு வரவில்லை. பிறகு அந்த மாதம் முழுக்கப் பிள்ளையும் வரவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் படிப்பித்தேன். அதற்குப் பிறகு யாரையும் எதையும் கழற்றச் சொல்லவில்லை.

டிக்கோயா பிள்ளை, இப்போது கொழும்பு

ரீச்சர், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

என்னுடையது போன டிசம்பர். கொழும்பு அட்டன் பஸ் உங்களுக்குத் தெரியும், அவிசாவளை வரைக்கும் வேர்வை, கித்துல்கல தாண்டி மேலே ஏறத் தொடங்கினதும் காற்று மாறும், கினிகத்தேனைக்கு முன்னால் பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பையைத் திறப்பார்கள். ஸ்வெட்டர், சால்வை, குல்லா, ஒருவருக்கொருவர் முழங்கை இடிபட உடுத்துவார்கள். எனக்கு அந்த இடம்தான் வீட்டு வாசல். அன்றைக்கு எனக்கு முன் சீட்டில் ஒரு பிள்ளை, ஏ.எல். படிக்கிற வயது, பாஸ்ட் பேப்பர் புத்தகம் வைத்திருந்தாள், அவளும் எழுந்து பையிலிருந்து ஒரு கத்தரிப்பூ நிற ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். இடது தோள் என் முகத்துக்கு ஒரு முழத்தில்.

அந்த முறுக்குப் பின்னலில், மேலிருந்து மூன்றாவது முறுக்கு, மற்றதெல்லாம் வலது பக்கம் தாண்ட அது மட்டும் இடது பக்கம் தாண்டியிருந்தது. எங்கள் அம்மா எந்த ஸ்வெட்டர் பின்னினாலும் இடது தோளில் ஒன்றைப் பிழையாகத் தாண்டிவிடுவார். நாங்கள் சொல்லுவோம், கழுத்துக்குப் போன பிறகு யார் அவிழ்க்கிறது, விடு என்பார். அம்மா போய் இரண்டு வருஷம். முப்பத்தோராம் நாள் முடிந்து அவருடைய உடுப்புகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டோம், யாருக்குப் போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

வட்டவளை வரைக்கும் அந்த முறுக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். தொட்டுப் பார்க்கலாம் போல் இருந்தது. கையைக் கூட உயர்த்தினேன், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லிப் பேசுவது? அது என் அம்மாவுடையது என்றா? அந்தப் பிள்ளை கழற்றித் தந்துவிட்டால் என்ன செய்வது? வட்டவளையில் புத்தகத்தில் விரலை வைத்தபடியே இறங்கினாள், மழை தூறிக்கொண்டிருந்தது, ஸ்வெட்டர் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அம்மா எப்போதும் கையை நீளமாகத்தான் பின்னுவார்.

நானுஓயா அக்கா

தங்கச்சி, பேசியிருக்கலாம். நானும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் யார் பின்னினது என்று தெரிந்தால் சந்தோஷமாக இருக்கும்.

பண்டாரவளை நூல்கடை

கத்தரிப்பூ நிறம் வெயிலில் வெளிறும், உள்பக்கம் திருப்பிக் காயப்போட வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பார்த்தால் சொல்லுங்கள்.

டிக்கோயா பிள்ளை, இப்போது கொழும்பு

சொல்கிறேன் அண்ணா. சித்திரைக்கு மூன்று நாளைக்கு முன்னால் லீவு போட்டிருக்கிறேன், அதே மத்தியான பஸ்தான். ஏ.எல். பிள்ளைகள் கொழும்பில் கிளாஸ் முடித்து வீட்டுக்குப் போகிற நேரம் அது. அக்கா, உங்கள் ஸ்வெட்டரைத் தங்கச்சி பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.