ரியர் வீல் டிரைவ் (பின்சக்கர இயக்க) காரில் பின்பக்கம் நழுவுவது ஸ்டீயரிங் வீலில் தெரியவே மாட்டேன் என்கிறது, செட்டிங்கா காலா?

ரெண்டாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. அசெட்டோ கோர்ஸா என்ற கார் பந்தய கேமில் ஜிடி3 பந்தயக் கார்களை ஓரளவு சுத்தமாக ஓட்டுகிறேன், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வெறுமனே சுழலாமல் தடுக்கும் வசதி) பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது என்பதும் தெரியும். அதெல்லாம் இல்லாத கார்களை, குறிப்பாக பிஎம்டபிள்யூ எம்3 இ30-ஐ ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஓட்டுவது பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயத் தடம், இரண்டு இடத்தில் சிக்கல்.

ஒன்று பேடாக் ஹில் வளைவு. வளைவுக்குள் போன பிறகு வேகம் கொஞ்சம் அதிகம் என்று தோன்றி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்பக்கம் வெளியே வந்து கார் சுற்றிவிடுகிறது. இன்னொன்று ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசியை விட்டு வெளியே வரும் இடம். ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பின்னால் நழுவுகிறது, எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன், பிடித்தும் விடுகிறேன், ஆனால் அடுத்த கணமே கார் மறுபக்கம் வீசிக்கொண்டு போய்விடுகிறது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் புரியவே இல்லை.

என்னிடம் இருப்பது உள்ளே கியர் (பற்சக்கரம்) வைத்த ஸ்டீயரிங் வீல், 900 டிகிரி திரும்பும். கெயின் (மொத்த விசை அளவு) 100, மினிமம் ஃபோர்ஸ் (மிகக் குறைந்த விசை) 0, அதிர்வுகளில் கர்ப் (தட ஓர மேடு) 30, ரோடு 40, ஸ்லிப் (டயர் நழுவல்) 40. பின் டயர் நழுவுவது வீலில் முன்கூட்டியே தெரியும் என்கிறார்கள். எனக்கு அது கண்ணில்தான் தெரிகிறது, அப்போது கார் ஏற்கெனவே பாதி திரும்பியிருக்கிறது. எதை மாற்றுவது?

காஸ்டர்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீலில் உள்ள மோட்டார் கைக்குத் தரும் விசை, என்பது முன் டயர்களின் செய்தி. பின் டயருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நேரடித் தொடர்பே கிடையாது, நிஜக் காரிலும் கிடையாது. நிஜக் காரில் பின்பக்கம் நழுவ ஆரம்பிப்பதை இடுப்பும் முதுகும் சொல்லிவிடும், நாம் உட்காரும் நாற்காலி அசையாது என்பதால் அந்த வழி நமக்கு அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது முன் டயர் வழியாகச் சுற்றி வரும் தகவல் மட்டும்தான். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் போதும், நிறைய தெரியும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் தானாக நேர் நிலைக்குத் திரும்பவே முயல்கிறது. ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருப்பது, அதாவது காஸ்டர், ஒரு காரணம். டயர் தரையைத் தொடும் பரப்பில் பக்கவாட்டு விசை சரியாக நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுவது இன்னொரு காரணம். டயரின் சறுக்கு கோணம் (டயர் பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் உள்ள வித்தியாசம்) கூடக்கூட இந்தப் பின்தள்ளல் சுருங்கிக்கொண்டே போய், பிடிமானம் உச்சத்தைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய இல்லாமலே ஆகிவிடும். அதனால்தான் முன் டயர் எல்லையை நெருங்கும்போது வீல் லேசாகிறது. வீல் லேசானால் அது அண்டர்ஸ்டீயர் (முன்பக்கம் போதுமான அளவு திரும்பாமல் வெளியே போவது) பக்கத்துச் செய்தி.

பின்பக்கம் போகும்போது வேறு மாதிரி இருக்கும். காரின் மூக்கு வளைவுக்குள் அதிகமாகத் திரும்பிவிடுகிறது, ஆனால் கார் பயணிக்கும் திசை இன்னும் பழையபடியே இருக்கிறது. முன் சக்கரங்கள் பயணிக்கும் திசையையே பார்க்க விரும்பும். ஆக, பேடாக் ஹில் மாதிரி வலது வளைவில் பின்பக்கம் நழுவினால் வீல் உங்கள் கையிலிருந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். நீங்கள் தேடுகிற செய்தி அந்த இழுப்புதான். அது காரைப் பற்றிய தகவல் மட்டும் இல்லை, எவ்வளவு எதிர்த்திருப்ப வேண்டும் என்பதற்கான விடையும் அதிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் செட்டிங்கைப் பார்த்தால் அந்த இழுப்பை மறைக்க என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் இருக்கிறது. கெயின் 100-ல் கியர் வீல் நிச்சயம் கிளிப் ஆகும். லாஜிடெக் ஜி29 மாதிரி வீல்கள் தரக்கூடிய விசையே 2 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கேம் அதைவிட அதிகம் கேட்டால் மோட்டார் உச்சத்திலேயே நின்றுவிடும், அதற்கு மேல் டயரில் என்ன நடந்தாலும் கையில் ஒரே கனம்தான். கேமில் உள்ள பெடல் ஆப்பைத் திறந்து வைத்து ஓட்டுங்கள், அதில் எஃப்எஃப்பி (ஃபோர்ஸ் ஃபீட்பேக்) பட்டை சிவப்பாக நின்றால் கிளிப்பிங். ஓட்டும்போதே நம்பர் பேடில் உள்ள கூட்டல் கழித்தல் பொத்தான்களால் அந்தக் காருக்கு மட்டும் குறைக்கலாம். கர்ப் மேல் ஏறும்போது ஒரு கணம் சிவந்தால் பரவாயில்லை, நீண்ட வளைவு முழுக்கச் சிவப்பாகவே இருக்கக் கூடாது.

ஸ்லிப், ரோடு இரண்டையும் 0 ஆக்குங்கள். அவை டயர் கணக்கிலிருந்து வரும் விசை இல்லை, மேலே தடவிய அதிர்வு. பலமான வீலில் சுவைக்காக வைத்துக்கொள்பவர்கள் உண்டு, பலம் குறைந்த வீலில் அது இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மினிமம் ஃபோர்ஸ் 0 என்பதுதான் உங்கள் ட்ரூயிட்ஸ் சிக்கலுக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். கியர் வீலில் சிறிய விசைகளுக்கு மோட்டார் அசையவே அசையாது, நடுவில் ஒரு செத்த பகுதி இருக்கும். எதிர்த்திருப்பம் செய்யும்போது வீல் எந்த இடத்தைக் கடந்து போகிறது? அந்த நடுவைத்தான். போகும்போதும் திரும்பி வரும்போதும், கைக்குத் தகவல் மிகவும் தேவைப்படுகிற அதே இடத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள், நேர் சாலையில் வீல் தானாக இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், அங்கிருந்து ஓரிரு படி குறைத்துவிடுங்கள். டேம்பிங் (வீல் அசைவுக்குத் தடை), சென்டரிங் ஸ்பிரிங் (நடுவுக்கு இழுக்கும் விசை) எல்லாம் வீலின் டிரைவர் மென்பொருளில் 0.

நொடி0.3:

காஸ்டர் சொன்னதில் டேம்பிங் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை, அதாவது எல்லோருக்கும் 0 என்பதில். கியர் வீலுக்கும் பெல்ட் வீலுக்கும் அது சரி, ஏற்கெனவே உள்ளுக்குள் உராய்வு நிறைய இருக்கிறது. டைரக்ட் டிரைவில், அதாவது மோட்டாரே நேராக வீலைச் சுற்றும் வகையில், தடை எதுவும் இல்லாததால் டேம்பிங் சுத்தமாக இல்லை என்றால் நேர் சாலையில் கையை விட்டதும் வீல் பிசாசாக ஆடும், எதிர்த்திருப்பத்தில் நேர் நிலையைத் தாண்டியும் ஓடிவிடும். நிஜக் காரின் ஸ்டீயரிங் அமைப்புக்கும் எடை இருக்கிறது, உராய்வு இருக்கிறது, ஆகவே கொஞ்சம் வைப்பது ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. அளவு மீறினால் காஸ்டர் சொன்ன அந்த இழுப்பு மெதுவாகிவிடும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆட்டம் நிற்கிற மிகச் சிறிய அளவு, அதோடு நிறுத்த வேண்டும்.

டைரக்ட் டிரைவ் வாங்கியவர்கள் செய்யும் இன்னொரு வேலை, 8 நியூட்டன் மீட்டர் இருக்கிறதே என்று எட்டையும் கையில் வாங்குவது. கை வலித்தால் பிடி இறுகும், பிடி இறுகினால் வீல் தானாகத் திரும்ப விட மாட்டோம். பலம் மிச்சமாக இருப்பது கிளிப் ஆகாமல் இருக்கத்தான்.

அப்புறம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், எஃப்ஓவி-யை, அதாவது திரையில் தெரியும் காட்சிக் கோணத்தை, சரிபாருங்கள். நாற்காலி அசையாத குறையைக் கண்தான் ஈடுகட்டுகிறது. 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர், கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் கிடைமட்டக் கோணம் ஏறக்குறைய 53 டிகிரி, செங்குத்தாக 31. அசெட்டோ கோர்ஸா கேட்பது செங்குத்துக் கோணம். 31 வைத்தால் கண்ணாடியும் பக்கவாட்டும் தெரியாமல் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் 60 வைத்துக்கொண்டு பின்பக்கம் நழுவுவது தெரியவில்லை என்றால் எப்படித் தெரியும்? மூக்கு 3 டிகிரி திரும்பியதே திரையில் நகர்ந்ததாகத் தோன்றாது. கேமரா தலையாட்டும் விஷயங்களையும் அணைத்துவிடுங்கள், கார் திரும்புவதும் தலை ஆடுவதும் கலந்துவிடுகிறது.

ஹீல்டோ:

எல்லோரும் கையைப் பற்றியே பேசிவிட்டீர்கள். பேடாக் ஹில்லில் காரைச் சுற்றவைத்தது கால்.

ரியர் வீல் டிரைவில் காலைச் சட்டென்று எடுத்தால் இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடக்கிறது. பாரம் முன்னால் போய்ப் பின் டயர் இலகுவாகிறது. அது முன்சக்கர இயக்கக் காரிலும் நடக்கும். கூடவே இங்கே எஞ்சின் பிரேக்கிங் முழுக்கப் பின் சக்கரங்களில் மட்டும் விழுகிறது. பாரம் குறைந்த டயர், ஏற்கெனவே பக்கவாட்டு விசையைத் தாங்கிக்கொண்டிருக்கிற டயர், அதன் தலையில் நீளவாக்கிலும் ஒரு இழுப்பு. ஒரு டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒரே சம்பளம் மாதிரி, இங்கே செலவழித்தால் அங்கே இருக்காது. பேடாக் ஹில்லில் சாலை கீழே விழுவதால் அதுவே ஒரு கணம் பாரத்தைக் குறைத்துவிடுகிறது, இதற்கு மேல் தப்பான இடம் வேண்டுமா?

எனவே அங்கே காலை முழுதாக எடுக்கவே எடுக்காதீர்கள். வேகம் அதிகம் என்று பட்டால் பாதிக்குக் குறைத்து அங்கேயே வைத்திருங்கள், கார் தானாக அடங்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் சற்று முன்னதாக அடித்து, உள்ளே போகும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் மெல்லிசாகப் பட்டுக்கொண்டிருக்கும்படி பழகுங்கள். முழு வேகமும் வேண்டாம், எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்காத அளவு போதும்.

கியர் குறைக்கும்போதும் இதே கதைதான். மூன்றிலிருந்து இரண்டுக்கு வருகையில் ஆர்பிஎம்-ஐ ஏற்றிக் கொடுக்காமல் கிளட்ச்சை விட்டால் பின் சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், அது ஹேண்ட்பிரேக் இழுத்ததற்குச் சமம். கேமில் ஆட்டோ பிளிப் (ஆர்பிஎம்-ஐத் தானாக ஏற்றும் வசதி) இருக்கிறது, காலைப் பழக்கும்வரை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரின் செட்டப்பில் பின் ஆன்டி ரோல் பாரை (கார் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) தளர்த்தலாம், பிரேக் பயஸை (முன் பின் பிரேக் பங்கீடு) முன்னால் தள்ளலாம், பின் டோ-இன் (சக்கரங்களின் முன்முனை உட்பக்கம் பார்ப்பது) கூட்டலாம், எல்லாம் உதவும்தான். ஆனால் இப்போதே அதில் இறங்கினால் எது உங்கள் காலால் நடந்தது, எது செட்டப்பால் நடந்தது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். இன்னொன்று, முதல் லேப்பில் டயர் குளிர்ந்திருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ரெண்டாம்கியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கெயினை 70-க்குக் கொண்டுவந்தேன், ஸ்லிப்பும் ரோடும் 0, மினிமம் ஃபோர்ஸ் 14-ல் ஆட்டம் ஆரம்பித்தது, 12-ல் வைத்திருக்கிறேன். முதலில் வீல் வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றியது, அப்புறம் பேடாக் ஹில்லில் அந்த இடப்பக்க இழுப்பு நிஜமாகவே கையில் வந்தது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. காலைப் பாதியில் நிறுத்துவதும் வேலை செய்கிறது, அங்கே இப்போது சுற்றுவதில்லை.

ட்ரூயிட்ஸ் மட்டும் இன்னும் அப்படியே. முதல் நழுவலைப் பிடிக்கிறேன், மறுபக்கம் வீசுவது நிற்கவில்லை. அதற்கு என்ன வழி அண்ணா?

காஸ்டர்:

மறுபக்கம் வீசுவது இரண்டாவது நழுவல் இல்லை தம்பி, முதல் நழுவலின் மிச்சம். பின்பக்கம் வெளியே போயிருக்கும்போது எதிர்த்திருப்பத்தோடு இருக்கிறீர்கள். பின் டயர் திரும்பப் பிடித்துக்கொள்ளும் கணத்தில், சாய்ந்து அழுந்தியிருந்த சஸ்பென்ஷன் அப்படியே மறுபக்கம் திரும்புகிறது, முன் சக்கரங்களோ இன்னும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் கார் பாயாமல் என்ன செய்யும்? ட்ரூயிட்ஸ் வலது வளைவு, அதைத் தாண்டியதும் இறக்கத்தில் கிரஹாம் ஹில் இடது வளைவு, ஆகவே அங்கே எப்படியும் பாரம் மறுபக்கம் மாறத்தான் போகிறது. இரண்டும் சேர்ந்துகொள்கிறது.

எதிர்த்திருப்பத்தை எவ்வளவு வேகமாகப் போட்டீர்களோ அதைவிட வேகமாக எடுக்க வேண்டும். பார்த்து எடுக்க முடியாது, நேரம் போதாது. மூக்கு உள்ளே திரும்புவது நின்றுவிட்டது என்று தெரிந்த உடனே, கார் இன்னும் கோணலாக இருக்கும்போதே, கையைத் திருப்ப ஆரம்பித்துவிட வேண்டும். கார் நேரான பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தால் போச்சு. இங்கேயும் வீலே உதவும், பின் டயர் பிடிக்கும்போது வீல் நடுவுக்குத் திரும்ப இழுக்கும். பிடியைத் தளர்த்தி, கட்டை விரல்களை ஆரக்கால்களிலிருந்து வெளியே எடுத்து, விளிம்பு உள்ளங்கையில் வழுக்கி ஓட விடுங்கள், நடுவில் வந்ததும் நிறுத்துங்கள். கியர் வீல் தானாகச் சுற்றும் வேகம் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பி விட்டுவிடாமல் ஓடும் திசையில் நீங்களும் கொஞ்சம் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

நழுவும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டுவிடுகிறீர்களா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் நடக்கும், பயத்தில் கால் தானாக வந்துவிடும். விட்டதும் பின் டயர் திடீரென்று பிடிக்கும், வீசலும் அவ்வளவு வேகமாக வரும். சக்கரச் சுழற்சி அடங்கும் அளவுக்கு மட்டும் குறைத்தால் பிடிமானம் மெதுவாகத் திரும்பும், கைக்கு நேரம் கிடைக்கும்.

இதைப் பழக ட்ரூயிட்ஸ் சரியான இடம் இல்லை. கேமிலேயே டிரிஃப்ட் என்று ஒரு மைதானம் இருக்கிறது, அங்கே இரண்டாம் கியரில் ஒரே வட்டத்தில் சுற்றுங்கள், பின்பக்கத்தைக் காலாலேயே வெளியே தள்ளுங்கள், காலாலேயே உள்ளே வாங்குங்கள். வலப்பக்க வட்டம் கைக்கு வந்ததும் இடப்பக்கம். அப்புறம் எட்டு வடிவம். எட்டின் நடுவில் பக்கம் மாறும் இடம்தான் உங்கள் ட்ரூயிட்ஸ் வெளிவாசல்.

ஹீல்டோ:

அந்த மைதானத்தில் இ30 எடுக்கும்போது மூன்றாம் கியரிலும் ஒரு தடவை முயன்று பாருங்கள். முறுக்குவிசை சக்கரத்துக்குக் குறைவாகப் போவதால் பின்பக்கம் மெதுவாக நழுவும், கை என்ன செய்கிறது என்று கவனிக்க முடியும். பந்தயத்திலும் ட்ரூயிட்ஸில் மூன்றாவதிலேயே வெளியே வந்து பாருங்கள், நேரம் கொஞ்சம் போனாலும் கார் கையில் இருக்கும்.