ஸ்டூடியோவுக்கு எது, மேடைக்கு எது? இசை சாஃப்ட்வேர் பற்றி எல்லைப் பக்கத்து இசைக்காரர்களின் அனுபவம் (ஒவ்வொரு தலைப்பும் பேசுகிறவரின் ஊர், வேலை)

கொழிஞ்சாம்பாறை பக்கம், ரெக்கார்டிங் ரூமும் கானமேளாவும் (மேடைப் பாட்டுக் கச்சேரி)

வேலை பழக வரும் தம்பிகள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "நீ போடுற பாட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி முடியுமா, இல்ல மேடையில நீளுமா?" அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும்.

எங்கள் பக்கம் பகலில் ரூமில் அம்மன் பாட்டு, மாதா பாட்டு ரெக்கார்டிங். திருவிழா சீசன் வந்துவிட்டால் ராத்திரி மேடை. ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு மலையாளப் பாட்டு என்று மாறி மாறிப் போகும்.

ரூமில் ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். பழைய கம்ப்யூட்டரிலும் இழுக்காமல் ஓடும். 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், தனிப்பட்ட லைசென்ஸ் 60 டாலர். ஒரே ட்ராக்கில் குரலும் போடலாம், மிடியும் (கீபோர்டில் அழுத்திய சுரங்களின் பதிவு) போடலாம். பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மைதான். வேலைக்கு அது குறையே இல்லை.

மேடைக்கு ஏபிள்டன் லைவ் சாஃப்ட்வேர், சுருக்கமாக லைவ். காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இதில்தான் விஷயம் இருக்கிறது. கோயில் மேடையில் உடுக்கைப் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது கீழே ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிடும். அந்த நேரத்தில் சரணம் முடிந்தது என்று பாட்டை முடிக்க முடியாது. பாடுகிறவர் என் பக்கம் திரும்பி விரலைச் சுழற்றுவார், இன்னொரு சுற்று என்று அர்த்தம். இடமிருந்து வலம் ஓடுகிற டைம்லைனில் பேக்கிங் ட்ராக் (முன்கூட்டியே பதிவு செய்த பின்னணி இசை) வைத்திருந்தால் அந்த நேரம் கை கட்டிப்போன மாதிரிதான். லைவில் செஷன் வியூ என்று ஒன்று உண்டு. பல்லவி, இடை இசை, சரணம் எல்லாம் தனித்தனி க்ளிப், அதாவது துண்டு. சரணத்து க்ளிப்பை லூப்பில் விட்டால் அடுத்ததைத் தட்டுகிற வரைக்கும் அதுவே சுற்றும். எப்போது தட்டினாலும் அடுத்த பார் (தாளச் சுற்று) ஆரம்பத்தில்தான் மாறும், தாளம் உடையாது. ஒவ்வொரு சீனுக்கும் (சேர்ந்து ஓடும் க்ளிப் வரிசை) டெம்போவும் (வேகம்) தாளக் கணக்கும் தனியாக வைக்கலாம். 4/4 பாட்டிலிருந்து கண்ட சாபு (ஐந்து கணக்கு) 5/8 பாட்டுக்கு ஒரே தட்டில் போய்விடலாம்.

இன்னொன்று, சுருதி. நாதஸ்வரக்காரர் வந்தால் அவர் வாத்தியத்தை நம் ட்ராக்குக்கு இறக்கச் சொல்ல முடியாது, ட்ராக்தான் நகர வேண்டும். லைவில் க்ளிப்பைத் திறந்தால் அரை சுரம் கணக்கிலும் சென்ட் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கிலும் ஏற்றி இறக்கலாம், வார்ப் என்கிற வசதி ஆனில் இருந்தால் வேகம் மாறாது. ட்ரம்ஸ் க்ளிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், அதை ஏற்றி இறக்கினால் அடி மங்கிவிடும்.

சித்தூர் (பாலக்காடு), மேளம் ரெக்கார்ட் பண்றவன்

அண்ணா சொன்னது மேடைக்குச் சரிங்க. நான் செண்டை மேளம் ரெக்கார்ட் பண்ணுகிறேன், அங்கே கதை வேறு. பஞ்சாரி மேளம் (செண்டை மேளத்தில் ஒரு வகை) பதிகாலத்தில் (முதல் கட்டம்) தொடங்கும்போது ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அடுத்தடுத்த காலத்தில் 48, 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்துக்குள்ளேயும் வேகம் ஏறிக்கொண்டே போகும். இதற்கு எந்த க்ளிக்கும் (காதில் சீராக வேகம் காட்டும் டக் டக் சத்தம்) ஒத்து வராது. மேளக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்து ஏற்றுகிறார்கள், காதில் ஹெட்ஃபோன் மாட்டச் சொன்னால் மேளமே செத்துப்போகும்.

அதனால் ரெக்கார்டிங்கில் க்ளிக்கை அணைத்துவிட்டு முழுசாக எடுத்துக்கொள்கிறேன். பிறகு கீபோர்டோ குரலோ மேலே சேர்க்க வேண்டுமானால் இலத்தாளம் (வெண்கலக் கைத்தாளம்) விழுகிற இடங்களைப் பார்த்துப் பார்த்து டெம்போ மேப், அதாவது எந்த இடத்தில் என்ன வேகம் என்ற குறிப்பு, போடுவேன். ரீப்பரில் அதற்கு முன் ஆடியோவை நேரக் கணக்கில் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் டெம்போவைத் தொட்டதும் ஆடியோவும் சேர்ந்து நகரும். க்யூபேஸ் என்ற சாஃப்ட்வேரிலும் வேகத்தைத் தானே கண்டுபிடிக்கிற டெம்போ டிடெக்‌ஷன் இருக்கிறது, சினிமாப் பாட்டுக்கு நன்றாகவே பிடிக்கும். பஞ்சாரிக்கு நான் கையால்தான் போடுகிறேன். மெஷின் உருட்டு செண்டையின் (முன்னணியில் வாசிக்கிற செண்டை) வேகமான அடியைப் பிடித்துக்கொண்டு இரட்டைக் கணக்கில் போய்விடுகிறது. தாளம் தாங்குவது வீக்கன் செண்டையும் இலத்தாளமும்தான், அவற்றுக்குத் தனி மைக் வைத்தால் பிறகு மேப் போடுவது சுலபம்.

நகரி (ஆந்திரா), கீபோர்டு

எங்க பக்கம் கங்கம்மா ஜாத்திரைக்கு தமிழ், தெலுங்கு ரெண்டிலும் பாட்டு கேட்பார்கள். பீட் போடுவதற்கு எஃப்எல் ஸ்டூடியோ சாஃப்ட்வேர் மாதிரி வேகம் எனக்கு வேறெதிலும் வரவில்லை. ஸ்டெப் சீக்வென்ஸரில் (அடிகளைக் கட்டம் கட்டமாக வைக்கிற இடம்) பம்பை, உறுமி சாம்பிளை (பதிவு செய்த ஒலித் துண்டு) வைத்தால் டீ ஆறுவதற்குள் ஒரு நடை ரெடி. ஒரு தடவை காசு கொடுத்தால் அப்டேட் ஆயுசுக்கும் இலவசம், இது பெரிய விஷயம்.

ஆனால் வாங்குகிற தம்பிகள் எடிஷன் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த ஃப்ரூட்டி எடிஷனில் ப்ளேலிஸ்டில் (பாட்டை அடுக்குகிற திரை) குரல் ரெக்கார்ட் பண்ண முடியாது, அதற்கு ப்ரொட்யூஸர் எடிஷன் வேண்டும். ட்ரயலில் சேவ் பண்ணிய ப்ராஜெக்டை வாங்குகிற வரை திரும்பத் திறக்கவும் முடியாது. மேடைக்கு பெர்ஃபார்மன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது, க்ளிப்பைத் தட்டித் தட்டி ஓட்டலாம். நான் அதில் வாசிக்கிறேன், போதுமானதாக இருக்கிறது.

பாலக்காடு டவுன், மிக்ஸிங்

சினிமா வேலை வந்தால் கடைசி மிக்ஸ் கொச்சிக்கோ சென்னைக்கோ போகும், அங்கே பெரும்பாலும் ப்ரோ டூல்ஸ் சாஃப்ட்வேர்தான். அதற்காக நாமும் அதையே வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் 0 நேரத்திலிருந்து தொடங்கி ஒரே நீளத்தில் வேவ் ஃபைலாக எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மோனோவாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு எட்டரை எம்பி சொச்சம் வரும். கூடவே டெம்போவையும் சுருதியையும் எழுதி ஒரு டெக்ஸ்ட் ஃபைல். இப்படிக் கொடுத்தால் எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கீபோர்டுக்காரர்கள் ஆப்பிளின் லாஜிக் சாஃப்ட்வேர் பக்கம் போவது நியாயம். லாஜிக்கில் செய்த சவுண்டை மேடையில் வாசிக்க மெயின்ஸ்டேஜ் இருக்கிறது, விலையும் குறைவு. விண்டோஸில் இது இரண்டுமே கிடையாது.

வண்ணாமடை, பாடுகிறேன், கீபோர்டும் கொஞ்சம்

அண்ணா, மேடையில் கீ அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது. சாஃப்ட்வேரை மாற்றினால் சரியாகுமா?

கொழிஞ்சாம்பாறை பக்கம்

சாஃப்ட்வேர் மேல் தப்பு இல்லை தம்பி, பஃபரைப் பார், கம்ப்யூட்டர் சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கிற அளவு அது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் (இங்கே ஒலி அளவீடு என்று அர்த்தம்) வைத்தால் 21 மில்லி செகண்ட் தாமதம், ஏழு மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்கிற மாதிரி. 128 வைத்தால் மூன்று மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்குச் சத்தம் உள்ளே வெளியே போகிற பெட்டி) கம்பெனியின் சொந்த அசியோ ட்ரைவரை (தாமதம் குறைக்கிற ட்ரைவர்) போடு. பஃபரைக் குறைத்ததும் படபடவென்று வெடித்தால் ப்ராஸஸர் திணறுகிறது என்று அர்த்தம். அப்போது கனமான பிளக்-இன் (சாஃப்ட்வேருக்குள் ஓடும் வாத்தியம், எஃபெக்ட்) எல்லாவற்றையும் வீட்டிலேயே ஆடியோவாக மாற்றிவிட்டு வா. மேடையில் உயிரோடு ஓட வேண்டியது கையால் வாசிக்கிற ஒரு சவுண்ட் மட்டும்தான். ஒரு திருவிழாவில் பிளக்-இன் ஒன்று சிக்கி மொத்த சாஃப்ட்வேரும் நின்றுபோய், தவில்காரர் தனியாவர்த்தனம் வாசித்து எங்களைக் காப்பாற்றினார். பிட்விக் என்ற சாஃப்ட்வேரில் பிளக்-இன்னைத் தனி அறையில் ஓட விடுகிற வசதி இருக்கிறது. பிளக்-இன் விழுந்தாலும் பாட்டு நிற்காது. மேடைக்கே முழு வாழ்க்கை என்று இருப்பவர்கள் அதை ஓட்டிப் பார்க்கலாம்.

வண்ணாமடை

சரிங்கண்ணா, பஃபர் குறைத்துப் பார்க்கிறேன். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

கொழிஞ்சாம்பாறை பக்கம்

மாதத்தில் மேடை அதிகமா, ரூம் அதிகமா என்று பார். மேடை அதிகம் என்றால் லைவ் எடு. அதன் அரேஞ்ச்மென்ட் வியூவில் (டைம்லைன் திரை) ரெக்கார்டிங்கும் செய்துகொள்ளலாம். லைவின் இன்ட்ரோ எடிஷனில் 16 ட்ராக், நம் ஊர்க் குழுவுக்குத் தாராளம். வாங்குவதற்கு முன்னால் உன் இன்டர்ஃபேஸ் பெட்டியைத் திறந்து பார், பல கம்பெனிகள் லைவ் லைட் என்ற சின்ன எடிஷனுக்கு ஒரு சீரியல் நம்பரை உள்ளேயே வைத்திருப்பார்கள். அதில் 8 ட்ராக்தான், ஆனாலும் வருகிற பொங்கல் மேடைக்கு அதை வைத்தே ஓட்டலாம். ரூம்தான் அதிகம் என்றால் ரீப்பர். மேடைக்கு ட்ராக்கை ஸ்டீரியோவாக எடுத்து, இடப்பக்கம் க்ளிக், வலப்பக்கம் இசை என்று பிரித்து, ட்ரம்ஸ்காரர் காதுக்கு இடப்பக்கத்தை மட்டும் கொடு. மேடை ஏறும் முன் ஒரு தடவை எந்தப் பக்கம் எது என்று சவுண்டுக்காரரிடம் சொல்லிவிடு.