கல்குவாரி கருத்துக்கேட்புக் கூட்டம்: ஆட்சேபணை எடுபட என்ன செய்யணும்?

கண்மாய்க்கரை:
கண்மாயை ஒட்டி 12 ஹெக்டேரில் குவாரி வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு பேப்பரில் வந்தாச்சு. தேவாங்கும் வலசைப் பறவைகளும் இருக்கிற இடம். குவாரிக்கான வரைவு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையோ "முக்கிய உயிரினங்கள் எதுவும் இல்லை" என்கிறது. கூட்டத்தில் என்ன பேசலாம்?

புலப்படம்:
பேசுவது இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்க. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் இருக்கணும்.

பிறகு, களத்தரவு எந்த மாதங்களில் எடுத்தது? மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் போதும் என்பதால் மார்ச்-மே என்று முடித்துவிடுவார்கள். அப்போது கண்மாய் வெடித்துக் கிடக்கும், வலசைப் பறவை ஏது? "பருவமழைக்குப் பின் மறு கணக்கெடுப்பு வேண்டும்" என்று பக்க எண்ணோடு எழுதுங்க. தேவாங்கு இரவில்தான் நடமாடும். காலை 6 முதல் 10 வரை தேடியிருந்தால் எப்படி அகப்படும்? சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் கண் மின்னுவது தெரியும். தேதி, ஜிபிஎஸ் புள்ளியோடு படம் எடுங்க. முகநூலில் மட்டும் இடத்தோடு போட்டுடாதீங்க, வேட்டைக்காரனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு என்பதால், இருப்பது பதிவானால் தனிப் பாதுகாப்புத் திட்டம் கேட்கலாம். கடவூரில் 2022-ல் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்ததையும் குறிப்பிடுங்க.

இன்னொன்று: உள்ளூர்ப் பறவைகளுக்கு "அட்டவணை 4" என்று போட்டிருக்கா? அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நாலாவது அட்டவணை, சர்வதேச உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியல். பழைய அறிக்கையை வெட்டி ஒட்டினால்தான் இந்தத் தப்பு வரும்.

அ-பதிவேடு:
மேலே சொன்னதோடு சர்வே எண்களை அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) சரிபாருங்க. வரத்துக்கால் புறம்போக்கை (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் நிலம்) அறிக்கையில் காட்டாமல் விடுவது சகஜம். வரத்து அடைபட்டால் கண்மாய் காலி.

கோஷம் போட்டு வெளிநடப்பு செய்யாதீங்க. இந்தக் கூட்டத்துக்கு கோரம் (இத்தனை பேர் இருந்தாகணும் என்ற கணக்கு) கிடையாது, நீங்கள் போன பிறகும் செல்லும். மனு இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியிடம் முத்திரை வாங்கிக்குங்க. கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்கணும். அதுவரை உட்காருங்க. உங்கள் பாயிண்ட் அதில் விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வையுங்க.

கண்மாய்க்கரை:
நன்றிங்க. பக்கத்திலேயே 4 ஹெக்டேரில் இன்னொரு குவாரிக்கும் மனு போட்டிருக்காங்க. அதுக்குக் கூட்டமே இல்லையாம்.

புலப்படம்:
கூட்டத்தைத் தவிர்க்க 5 ஹெக்டேருக்குக் கீழே துண்டு போடுவது பழைய தந்திரம். எல்லைக்கு எல்லை 500 மீட்டருக்குள் ஒரே கனிமம் என்றால் அந்த அறிவிக்கையின் 2016 திருத்தப்படி தொகுப்பாகக் கூட்டிக் கணக்கிடணும். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அளந்து மனுவோடு இணையுங்க.

அ-பதிவேடு:
சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தை வாராவாரம் பாருங்க. அனுமதி கொடுத்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60. அதற்குமேல் ஒரு நாள் போனாலும் எடுக்க மாட்டார்கள்.