எல்லை தாண்ட விடுவார்களா? அவசரம், 14ஆம் தேதி விமானம்

வடக்குத்தெரு | திங்கள் இரவு 11.48
ஸலாம், வணக்கம். மனைவி வழியில் நிரந்தரக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அட்டை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. வாப்பா படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால், போட்டது போட்டபடி கீழக்கரைக்கு ஓடி வந்தேன். 14ஆம் தேதி சென்னையிலிருந்து திரும்ப வேண்டும். உரிமை கிடைத்ததற்கான உறுதிப்பத்திரம் கைப்பேசியில் இருக்கிறது. அதைக் காட்டினால் போதுமா? டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய் திரும்பாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தான் | செவ்வாய் காலை 5.20
தலைப்பைப் பார்த்துப் பதறிப்போய்த் திறந்தேன். எங்கள் பக்கம் "எல்லை தாண்டி" என்றால் படகும் ஆளும் பிடிபட்ட செய்திதான். எந்த விசைப்படகு, எத்தனை பேர் என்று கேட்க வந்தேன். தலைப்பை மாற்றுங்கள் தம்பி. வாப்பா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.

தொண்டித்துறை | காலை 6.05
எந்த நாடு? மலேசியாவா, சிங்கப்பூரா? அதைச் சொல்லாமல் யார் என்ன சொல்வது?

பாம்பன்காற்று | காலை 6.31
அமெரிக்காவாகத்தான் இருக்கும். என் அக்கா மகனுக்கு நடந்தது. அங்கே இருந்துகொண்டே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவர், முன் அனுமதிக் கடிதம் வாங்காமல் நாட்டை விட்டு வந்தால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 வேலை விசா போன்ற சில விசாக்களில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தம்பி, நீங்கள் எந்த விசாவில் இருந்தீர்கள்?

பரமக்குடி வழிகாட்டி | காலை 7.10
இந்த இழையின் தரத்தைப் பாருங்கள். கேட்டவர் நாட்டைச் சொல்லவில்லை, பதில் சொன்னவர் நாட்டையே முடிவு செய்துவிட்டார். முதலில் ஒரு திருத்தம்: கணவன் மனைவி வழியில் இவருக்குக் கிடைத்தது குடியுரிமை அல்ல, வசிப்புரிமை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்திருக்க முடியாது. இந்த வேறுபாட்டை நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று பழைய இழைகளைத் தேடிப் பார்த்தால் தெரியும். யாரும் தேடுவதில்லை.

வடக்குத்தெரு | செவ்வாய் பகல் 1.15
மன்னிக்கவும், மருத்துவமனையில் இருந்தேன். கனடா. பிராம்ப்டன்.

தேவிபட்டினம் மருமகள் | பகல் 1.40
தம்பி, நானும் கணவர் வழியில் அதே நாட்டுக்குப் போனவள்தான். மூன்று கேள்விகள். அங்கே இருந்தே விண்ணப்பித்தீர்களா, இங்கிருந்தா? இணையதளத்தில் "நான் கனடாவுக்குள் இருக்கிறேன்" என்று உறுதி சொன்னபோது உண்மையாகவே அங்கே இருந்தீர்களா? புகைப்படம், வீட்டு முகவரி எல்லாம் ஏற்றிய பிறகுதான் கிளம்பினீர்களா?
இரண்டாவது கேள்விக்குத் தயவுசெய்து மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ஊரில் உட்கார்ந்துகொண்டு "உள்ளே இருக்கிறேன்" என்று அழுத்தியிருந்தால் அது பொய்த் தகவல். ஐந்து ஆண்டுத் தடை வரை போகும்.

வடக்குத்தெரு | பகல் 2.02
அங்கே இருந்தே விண்ணப்பித்தேன். எல்லாம் அங்கேயே முடித்தேன் லாத்தா. பத்திரம் வந்து இரண்டாம் நாள்தான் வாப்பா விழுந்த செய்தி வந்தது. அட்டை வந்ததா என்று மனைவியிடம் தினமும் கேட்கிறேன், ஒன்றும் வரவில்லை என்கிறாள். பழைய விசா பாஸ்போர்ட்டில் இன்னும் எட்டு மாதம் செல்லும். அது போதாதா?

தொண்டித்துறை | பகல் 2.20
பிறகென்ன? பழைய விசாவைக் காட்டி ஏறிப் போய்விடு தம்பி. கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு என்ன தெரியும்?

தேவிபட்டினம் மருமகள் | பகல் 2.33
தெரியும். நிரந்தர வசிப்பாளர் ஆன நாளிலேயே அந்த விசா வெறும் ஒட்டுத்தாள் ஆகிவிட்டது. தேதி மிச்சம் இருப்பதில் பயனில்லை. கைப்பேசியில் இருக்கும் பத்திரமும் பயணத்துக்கு ஆகாது. விமானத்தில் ஏற அட்டை வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தர வசிப்பாளருக்கான பயண ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்துக்கு வெளிநாட்டில் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும், கட்டணம் 50 கனடா டாலர். இணையத்திலேயே போடலாம். டிக்கெட், வாப்பாவின் மருத்துவச் சீட்டு இரண்டையும் இணைத்து, அவசரம் என்று காரணத்தோடு எழுதுங்கள். ஆனால் 14ஆம் தேதிக்குள் கைக்கு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பாம்பன்காற்று | மாலை 3.05
இன்னொரு வழி. அமெரிக்காவில், கனடா எல்லையோரம் இருக்கும் பஃபலோவில் இறங்கி, மனைவியைக் காரோடு வரச் சொல்லுங்கள். சொந்தக் காரில் தரை வழியாகப் போனால் அட்டை இல்லாமலும், பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து விடுவார்கள்.

பரமக்குடி வழிகாட்டி | மாலை 3.30
தரை வழி உண்மைதான். காற்று சார் மறந்தது ஒன்று: பஃபலோவில் இறங்க அமெரிக்க விசா வேண்டும். கீழக்கரையில் இருப்பவர் அதற்கு நேர்காணல் தேதி வாங்குவதற்குள் அவருடைய அட்டைக்கே வயதாகிவிடும். அடுத்து யாராவது "அட்டை தொலைந்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். செய்துவிடாதீர்கள். தொலைந்ததாகச் சொன்ன அட்டை ரத்தாகும். நாளை தபாலில் வந்தாலும் அது வெறும் பிளாஸ்டிக்.

மண்டபம் தபால் | மாலை 4.12
ஐயா, முப்பத்திரண்டு வருடம் தபால் பை சுமந்தவன். ஒரே கேள்வி. கனடாவில் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், அங்கே புதுக் குடியிருப்புகளில் கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தெருமுனையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அலமாரி மாதிரி, வீட்டுக்கு ஒரு சின்னக் கதவு, அதற்கு ஒரு சாவி. உங்கள் தெருவிலும் அப்படித்தானா? சாவி யாரிடம்?

தங்கச்சிமடத்தான் | மாலை 4.40
என் தாத்தாவுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட். போட் மெயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். அட்டையாவது, பத்திரமாவது!

பரமக்குடி வழிகாட்டி | மாலை 5.02
டிக்கெட் மட்டும் போதுமாக இருந்தது என்று யார் சொன்னது? மண்டபம் முகாம் எதற்கு இருந்தது? தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலியாட்களை அங்கே நாள் கணக்கில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். 1948இல் இலங்கை குடிவரவுச் சட்டம் கொண்டுவந்த பிறகு தாள் இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

தங்கச்சிமடத்தான் | மாலை 5.15
தாத்தா தோட்டத்துக்குப் போகவில்லை, கருவாடு வாங்கி விற்றவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன பிறகும் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் சண்டை வந்துதான் நின்றது. இப்போதும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாமல்தானே போகிறோம்?

பரமக்குடி வழிகாட்டி | மாலை 5.28
திருவிழாவுக்குப் பெயர்ப் பட்டியல் கொடுத்து, கடற்படை பார்க்கப் போய்த் திரும்புவதும் ஒன்று, குடியேறுவதும் ஒன்று. எதை எதோடு ஒப்பிடுவது?

தொண்டித்துறை | மாலை 5.41
2023இல் மறுபடியும் கப்பல் விட்டார்கள், அதையும் நாகப்பட்டினத்துக்குக் கொடுத்தார்கள். நம் கரைக்கு என்ன கிடைத்தது?

தேவிபட்டினம் மருமகள் | மாலை 6.00
பையனின் வாப்பா மருத்துவமனையில் கிடக்கிறார், நீங்கள் கப்பல் ஓட்டுகிறீர்கள்.
தம்பி, அட்டையை அரசு வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பாது. ஆனால் மனைவி கைக்கு வந்தால் அவர் உங்களுக்குக் கொடுத்தனுப்பலாம். என் கணவர் எனக்குக் கூரியரில் அனுப்பினார், ஆறு நாளில் வந்தது. ஊருக்கு வரும் ஆள் கையில் கொடுப்பது இன்னும் நல்லது. பயண ஆவணத்தையும் இன்றே போட்டுவையுங்கள், அட்டையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தபால் ஐயா கேட்டதற்கும் பதில் சொல்லுங்கள்.

பாம்பன்காற்று | புதன் காலை 8.10
என்ன ஆயிற்று தம்பி?

பரமக்குடி வழிகாட்டி | வியாழன் காலை 9.00
வேலை முடிந்தால் ஆள் வரமாட்டார். இது இங்கே வாடிக்கை.

வடக்குத்தெரு | சனி இரவு 10.55
தாமதத்துக்கு மன்னிக்கவும். தபால் ஐயாவின் கேள்வியைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. தபால் எடுப்பது எப்போதும் என் வேலை. இரண்டு சாவியும் என் சாவிக்கொத்தில். கொத்து என்னுடைய கைப்பையின் பக்க அறையில், இங்கே கீழக்கரையில். மனைவி வாசலில் கிடக்கும் பார்சல்களைப் பார்த்துவிட்டுத்தான் "ஒன்றும் வரவில்லை" என்று சொல்லியிருக்கிறாள். அட்டை உள்ளே இருந்தது. அவளுடைய சாச்சா வியாழக்கிழமை சென்னைக்கு வருகிறார், கொண்டுவருவார். விமானத்தை 22க்கு மாற்றினேன், பணம் போனது போனதுதான். வாப்பா கம்பு ஊன்றி நாலடி நடந்தார். எல்லோருக்கும் நன்றி.

மண்டபம் தபால் | ஞாயிறு காலை 6.02
மகிழ்ச்சி. சாவி இல்லாமல் பெட்டியை எப்படித் திறந்தார்கள்?