தடுப்பூசி போட்டா ஒரு கிலோ பருப்பு: எஸ்தர் டஃப்லோ ஆய்வு பத்தி ஒரு சந்தேகம்

வைகைக்கரை:
2019ல பொருளாதார நோபல் வாங்குன எஸ்தர் டஃப்லோவும் அபிஜித் பானர்ஜியும் ராஜஸ்தான் உதய்பூர் பக்கம் கிராமங்கள்ல செஞ்ச ஆய்வு படிச்சேன். குழந்தைக்கு ஊசி போட வந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடிச்சா எவர்சில்வர் தட்டு செட்டாம். பெத்த புள்ளைக்கு நல்லதுன்னா தானா வரமாட்டாங்களா? ஏழைங்கள கேவலப்படுத்துற மாதிரி இருக்கே, நீங்க என்ன நினைக்கிறீங்க?

கணக்குப்புள்ள:
மொத்தம் 134 கிராமம் சார். ஒண்ணும் செய்யாம விட்ட ஊர்ல முழுசா ஊசி போட்ட குழந்தைங்க 6 சதவீதம், சேவா மந்திர்ங்கிற தொண்டு நிறுவனம் மாசாமாசம் தவறாம ஊசி கேம்ப் போட்ட ஊர்ல 18, கேம்போட பருப்பும் கொடுத்த ஊர்ல 39. இன்னொண்ணு, அதே மாவட்டத்துல துணை சுகாதார நிலையங்கள நேர்ல போய் பாத்தப்போ, திறந்திருக்க வேண்டிய நேரத்துல 56 சதவீதம் பூட்டித்தான் கிடந்துச்சு. கைக்குழந்தைய தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்து வந்து பூட்ட பாத்துட்டு திரும்புன பொம்பள அடுத்த மாசம் எதுக்கு வருவா? கேவலம்னா அதத்தான் சொல்லணும்.

ஊர்செவிலி:
நான் கிராம சுகாதார செவிலி. ஊசியே வேணாம்னு சொல்றவங்க ரொம்ப கம்மிங்க, முதல் ஊசி ரெண்டாவது ஊசிக்கு வந்துடுவாங்க, ஒன்பதாவது மாசம் தட்டம்மை ஊசிக்குள்ளதான் விட்டுப்போகும். ஊசி போட்ட ராத்திரி உடம்பு கொதிக்கும், தொடை கல்லு மாதிரி இருக்கும், புள்ள விடிய விடிய அழும், காலையில அந்தம்மா கூலிக்கு போக முடியாது. நஷ்டம் உடனே தெரியுது, வராம போன நோய் யார் கண்ணுக்கு தெரியும்? அந்த பருப்பு அப்போ 40 ரூபா, கிட்டத்தட்ட முக்கால் நாள் கூலி. போன கூலிக்கு ஈடுன்னு நினைங்க அண்ணா.

தோப்புக்காரன்:
சரி, ஆனா பருப்பு கொடுத்தும் 61 சதவீதம் முடிக்கலையே? செலவு வேற கூடுமே?

கணக்குப்புள்ள:
செலவு குறைஞ்சுதுங்க. கேம்புக்கு ரெண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் நர்ஸ் சம்பளம் அதேதான், அதனால முழுசா முடிச்ச ஒரு குழந்தைக்கு ஆன செலவு பாதியாச்சு. 61 பத்தி கேட்டது நியாயம், பருப்ப மட்டும் நம்பி இருக்க முடியாது. அங்கயே அரசு நர்ஸ் வேலைக்கு வராத நாளுக்கு சம்பளம் பிடிக்கிற திட்டமும் போட்டு பாத்தாங்க. முதல் சில மாசம் ஒழுங்கா வந்தாங்க, அப்புறம் சுகாதாரத்துறையே விலக்கு மேல விலக்கு கொடுத்து ஒன்றரை வருஷத்துக்குள்ள பழையபடி ஆயிடுச்சு.