மறு: ‘மல்டி கரன்சி’ – ஒரு சொல் போதுமா, மூன்று வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே,

இணையக் கடையில் விலையைப் பல நாட்டுப் பணத்தில் காட்டும் நீட்சியை (பிளகின்) நாம் தமிழாக்குவது பற்றிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ‘மல்டி கரன்சி’ என்பதற்குப் பன்னாணயமா, பன்செலாவணியா என்பதிலேயே நிற்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. முதலில் எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

> நாணயம் என்றால் காசுதானே? நோட்டும் அதில் சேருமா?

தமிழ்நாட்டில் ‘ஐந்து ரூபாய் நாணயம்’ என்றே பழகிவிட்டதால் இந்தத் தயக்கம் வருகிறது. இலங்கையில் நோட்டையே நாணயத்தாள் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அந்தச் சொல் தாளையும் தாங்குகிறது; நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். செலாவணி என்றதும் நாளிதழின் வணிகப் பக்கமும் அந்நியச் செலாவணிக் கையிருப்பும்தான் நினைவுக்கு வரும். புடவை வாங்க வந்தவருக்கு அது எதற்கு?

பன்னாணயம், பன்னூல் போலப் புணர்ச்சிப்படி சரியான சொல். ஆனால் கைப்பேசித் திரையில் சின்ன எழுத்தில் பார்த்தால் ‘ஆணையம்’ என்று கண் வாசித்துவிடுகிறது. நீட்சியின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத் தலைப்புக்கு ‘பல நாணய விற்பனை’ என்று பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து.

சரி, இப்போது என் கவலை. என் அக்கா காரைக்குடியிலிருந்து கண்டாங்கிப் புடவைகளை இணையத்தில் விற்கிறார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் 52 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பார்த்து வாங்கினார். அட்டைக் கணக்கில் 53 வெள்ளிக்கு மேல் போயிருந்தது. “விலையை ஏன் கூட்டினீர்கள்?” என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். யாரும் கூட்டவில்லை. கடையின் நீட்சி விலையை வெள்ளியில் மாற்றிக் காட்டியது, அவ்வளவுதான். பணம் ரூபாயில்தான் எடுக்கப்பட்டது. அவருடைய வங்கி அதைத் தன் விகிதத்தில் திரும்ப வெள்ளிக்கு மாற்றி, தன் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு இடத்துக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. நம் தமிழாக்கத்தில் இரண்டிலும் வெறும் ‘நாணயம்’. அந்த வரிகளை மொழிபெயர்த்தவன் நான்தான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நமக்குத் தேவை மூன்று சொற்கள். பொருளின் பக்கத்தில் தெரிவது விலை நாணயம். வாங்குபவரின் அட்டையிலிருந்து எடுக்கப்படுவது ஒன்று. கடைக்காரரின் வங்கியில் வந்து விழுவது வரவு நாணயம். வாங்குபவர் வெள்ளியிலேயே செலுத்தினாலும் அக்காவின் கணக்கில் ரூபாயாகத்தான் வந்து சேரும். ஆகவே மூன்றாவதையும் விட முடியாது.

இரண்டாவதற்குப் ‘பற்று நாணயம்’ என்று வைத்திருந்தேன். வங்கிப் புத்தகத்தில் பற்று, வரவு என்று அருகருகே இருக்கிறதே, அழகாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்தேன். அக்காவிடம் காட்டினேன். “பற்றா? கடனுக்குத் தருகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களே” என்றார். மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் படும். அதனால் அதை விட்டுவிட்டேன். ‘செலுத்தும் நாணயம்’ என்பது நீளம்தான், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது.

> ரூபாய் என்றாலே போதாதா, எதற்கு ‘இந்திய’ ரூபாய்?

போதாது. இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், மொரீஷியஸ் எல்லாமே ரூபாய்தான். ‘ரூ. 4,500’ என்று மட்டும் போட்டால் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் தன் ரூபாய் என்றுதான் நினைப்பார். வெள்ளிக்கும் இதே சிக்கல். மலேசியாவிலும் பேச்சில் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். நாட்டுப் பெயரைக் கட்டாயம் சேர்ப்போம்.

மாற்றியபின் வரும் 47.83 போன்ற தொகையை 48 ஆக்கும் வசதிக்கு ‘சில்லறை சரிக்கட்டல்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று உதவிக்குறிப்பில் எழுதிவிடாதீர்கள். நாணயங்களுக்கான ஐஎஸ்ஓ 4217 என்ற பன்னாட்டுத் தரப்படி ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம். அப்புறம், விகிதத்தை நம்பாமல் ஒவ்வொரு நாணயத்துக்கும் கடைக்காரரே விலை குறிக்கும் முறைக்கு ‘நாணயவாரி விலை’. மாவட்டவாரி, துறைவாரி என்று எழுதிப் பழகிய கைக்கு இது தானாக வருகிறது.

பணம் செலுத்தும் பக்கத்தில், பொத்தானுக்கு நேர் மேலே, இந்த வரியைச் சேர்த்திருக்கிறேன்:

“விலை சிங்கப்பூர் வெள்ளியில் காட்டப்படுகிறது. பணம் இந்திய ரூபாயில் எடுக்கப்படும். உங்கள் வங்கியின் விகிதத்தால் தொகை சற்று மாறலாம்.”

‘வரவு நாணயம்’ பற்றி மட்டும் இலங்கை நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே கணக்குப் புத்தகத்தில் வேறு சொல் வழக்கில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு இரவு மொழிபெயர்ப்புக் கோப்பைத் தளத்தில் ஏற்றுகிறேன்.

அன்புடன்